ஏழெட்டு ஐம்பத்திநாலு

தாஷ்பெல், அக்டோபர் 6

அன்புத் தங்கை புருலாய்க்கு,

அக்கா கனிஷாய் எழுதுவது. இங்கே ஆடுமாடு, உயிர் உடல் எல்லாம் நலம். உன் கை கால் நலமா? மீன் கத்தி உன் விரல்களை விட்டுவைத்திருக்கிறதா? கடல் நடுவில் ஃபோன் எட்டாத இடமாகப் பார்த்து வேலைக்குப் போயிருக்கிறாய். உன் கப்பலுக்குச் சாமான் ஏற்றிவரும் கப்பல் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இங்கே பனி விழுந்துவிடும்.

பள்ளிக்கு ஏழு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். என் வகுப்பில் பதினாலு பிள்ளைகள், இரண்டு பேருக்கு ஒன்று. வகுப்பறைக் குளிரில் பேட்டரி செத்துப்போகிறது. அதனால் காலையில் ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளையின் கோட்டுக்குள் சொருகி அடைகாக்கச் சொல்கிறேன். சூடேறும் வரை வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை.

அதில் ஒரு கணக்கு விளையாட்டு. ஆளுக்கொரு விலங்கு. கணக்குச் சரியானால் அதற்குத் தீனி, தப்பானால் முறைக்கும். மூன்று நாள் யாரும் தொடாவிட்டால் படுத்துத் தூங்கிவிடும். உன் மகள் சைகல் பனிச்சிறுத்தையை எடுத்துக்கொண்டாள். அவளோடு ஒரே டேப்லெட்டில் உட்காரும் அய்சிரெக்குக்குக் கவரிமா. சனிக்கிழமைகளில் ஏழையும் பையில் போட்டுக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஏறுகிறேன். ஊரில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். செத்தவர்களுக்கு நல்ல லைன் கொடுத்திருக்கிறார்கள் பார். அங்கே போய் நின்றால் யார் எந்தக் கணக்கில் தப்பினார்கள் என்று பட்டியல் வந்துவிடும்.

பிள்ளைகளையே டீச்சராக நிற்கவைத்து வீடியோ எடுக்கிறேன். மறுநாள் சுவரில் போட்டுக் காட்டினால் தங்கள் தப்பைத் தாங்களே பிடித்துக் கூச்சல் போடுகிறார்கள். இதோடு வைத்திருக்கும் பென் டிரைவில் சைகல் எடுத்த பாடம் இருக்கிறது. ஆட்டு முட்டி எலும்புகளை எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கி, விரல் வைத்து எண்ணி, கடைசியில் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்கிறாள். மறுபடி எண்ணச் சொன்னாலும் ஐம்பத்திநாலுதான். அந்த இரண்டு எலும்பும் எங்கே போகின்றன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவளுடைய முன்பல் ஒன்று ஆடுகிறது. நாள் முழுக்க நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள்.

உன் பாதை வெளுப்பாக இருக்கட்டும்.
அக்கா கனிஷாய்


ஒகோட்ஸ்க் கடல், நவம்பர் 2

அக்காவுக்கு,

நான் நலம். விரல்கள் பத்தும் இருக்கின்றன, வேண்டுமானால் சைகலை விட்டு எண்ணச் சொல், எட்டு என்பாள்.

சாப்பாட்டு அறை டிவியில் போட்டுப் பார்த்தோம். இங்கே நம் கிர்கிஸ் பெண்கள் ஒன்பது பேர், பாதிப் பேர் தெற்கே ஓஷ் பக்கம். எல்லோருக்கும் பெரியவள் ரப்பியா அக்கா. அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இப்போது மீன் பெட்டி அடுக்கும்போது ஐம்பத்தாறு வந்தால் யாராவது ஒருத்தி ஐம்பத்திநாலு என்று கத்துகிறாள். பாவம் மேஸ்திரி, ரஷ்யன், தன் கணக்குத்தான் தப்போ என்று திரும்ப எண்ணுகிறான்.

நீ மட்டும் டீச்சர் வேஷத்தில் பின்னால் நின்று முறைக்கிறாய். யார் எந்தக் கணக்கைத் தப்பாகச் செய்தாலும் அப்படித்தானே பார்ப்பாய், எனக்குத் தெரியாதா? என் பிள்ளையை ரொம்ப மிரட்டாதே. பல் விழுந்தால் கொழுப்பில் சுற்றி நாய்க்குப் போடு. அடுப்பில் போட்டுவிடாதே, பல் கோணலாக முளைக்கும். விழுந்ததும் எழுது. மாதம் ஒரு வீடியோவாவது அனுப்பு. இங்கே பார்க்க வேறு என்ன இருக்கிறது, மீனைப் பார்த்தால் அதுவும் நம்மைத்தான் பார்க்கிறது.

ஜூனில் வருகிறேன். அதுவரை அவள் உன் பொறுப்பு.

தங்கை புருலாய்


தாஷ்பெல், நவம்பர் 27

தங்கைக்கு,

எல்லோரும் நலம், நீயும் நலமாக இரு. பல் நேற்று விழுந்தது. எலும்புகளை எண்ணும்போதே கையில் வந்துவிட்டது. அதையும் வரிசையில் வைத்து எண்ணிவிட்டு, "இப்பவும் ஐம்பத்திநாலுதான்" என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது, நானும் சிரித்தேன், மிரட்டவில்லை. கொழுப்பில் சுற்றி நாய்க்குப் போட்டாயிற்று. வீடியோவில் முதல் வேலையாக வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டுகிறாள். கணவாயில் பனி ஏறிக்கொண்டிருக்கிறது, பாதை மூடுவதற்குள் இதை டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

கனிஷாய்


தாஷ்பெல், டிசம்பர் 23

எர்மெக் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், மன்னியுங்கள்.

ஏழாம் நாளுக்கு வந்தீர்கள், ரொட்டி பிய்த்தீர்கள், வண்டி ஏறும்போது வாசலில் நின்று, கடைசியில் எப்படியிருந்தாள் என்று கேட்டீர்கள். நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதற்கு மேல் இப்போதும் எழுத வரவில்லை. ஒன்பதாம் தேதி காய்ச்சல். அன்றைக்கே கணவாய் மூடிக்கொண்டது, நீங்கள் வந்த அன்றுதான் வழி விட்டார்கள். ஊர் நர்ஸ் தன்னால் ஆன ஊசியெல்லாம் போட்டாள். பதின்மூன்றாம் தேதி காலை சைகல் போய்விட்டாள். எட்டு வயது. இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நீங்கள் ஃபோனில் கேட்டிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசுவதற்கு அந்த மேட்டுக்குத்தான் ஏற வேண்டும். அவள் பத்தடி தள்ளி இருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி எப்படிப் பேசுவது?

புருலாய்க்கு எழுதிவிடட்டுமா? அந்தக் கடலிலிருந்து ஜூனுக்கு முன் அவளால் வர முடியாது. தாளை எடுத்துவைத்து நாலு நாள் ஆகிறது. அவள் பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். நீங்கள் மூத்தவர், நீங்கள் சொல்லுங்கள்.

கனிஷாய்


பிஷ்கெக், ஜனவரி 4

தங்கை கனிஷாய்க்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

எழுதாதே. நாம் சாவை எழுதுகிறவர்கள் இல்லை, காதில் போடுகிறவர்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் கையைப் பிடித்திருக்க வேண்டும், ஒருவர் தண்ணீரோடு நிற்க வேண்டும், வயதில் மூத்தவர் சுற்றி வளைத்துப் பேசித் தன் குரலால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஒப்பாரி. வழக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அப்பா இறந்தபோது நான் பட்டாளத்தில் இருந்தேன். தந்தி வந்தது, மூன்று வரி. சூப்புக்கு வரிசையில் நின்றுகொண்டே படித்தேன். பிடிக்க ஒரு கை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சூப்பை வாங்கிக் குடித்து முடித்தேன். இன்று வரை அப்பாவுக்காக நான் அழுததில்லை, உனக்குத் தெரியுமா? அந்தச் சூப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஜூனில் விமான நிலையத்துக்கு நானே போகிறேன். அவளை விட்டு ஓடிப்போன அந்த மனுஷனுக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை பழைய வீடியோ இருந்தால் அனுப்பு. பொய் எழுதப் பிடிக்காவிட்டால் குறைவாக எழுது.

எர்மெக்


தாஷ்பெல், ஜனவரி 18

தங்கை புருலாய்க்கு,

நீ நலமா? குளிருக்கு இடுப்பில் சால்வை சுற்றிக்கொள்கிறாயா? இங்கே ஆடுமாடு நலம். வகுப்பில் பிள்ளைகள் வகுத்தல் தொடங்கிவிட்டார்கள். வேலை அதிகம், நீளமாக எழுத முடியவில்லை. வீடியோ ஒன்று வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள்.

அக்கா


ஒகோட்ஸ்க் கடல், மார்ச் 1

அக்காவுக்கு,

கடிதமும் வீடியோவும் வந்தன. நன்றி. நான் நலம். நீ நன்றாகச் சாப்பிடு. ராத்திரி சீக்கிரம் படு.

வீடியோ ரொம்ப நன்றாக இருந்தது. ஐந்து நாளாகப் பார்க்கிறேன். இன்னும் இருந்தால் அனுப்பு. இருப்பதையெல்லாம் ஒரேயடியாக அனுப்பிவிடாதே, கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பு.

வெள்ளிக்கிழமை சமையற்காரியிடம் எண்ணெய் வாங்கி, ரப்பியா அக்காவும் நானும் மாவு உருட்டிப் பொரித்தோம். கப்பல் முழுக்க எண்ணெய் மணம். மேஸ்திரிகூட வந்து இரண்டு எடுத்துப்போனான்.

புருலாய்


தாஷ்பெல், மார்ச் 29

எர்மெக் அண்ணனுக்கு,

நலமா? அண்ணி, பிள்ளைகள் நலமா?

புருலாயின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். என்னைக் கிண்டல் செய்து ஒரு வரி இல்லை. மகள் எப்படியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை மாவு பொரித்தாளாம். எண்ணெய் மணத்தைச் செத்தவர்களுக்குத்தான் காட்டுவோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படித்துவிட்டு ஓடிப்போய் நான் அனுப்பிய வீடியோவின் நகலைப் போட்டுப் பார்த்தேன். அது அக்டோபரில் எடுத்தது. சிரிக்கிறாள், பல் இருக்கிறது. நவம்பரில் விழுந்த பல்லை ஜனவரியில் முளைக்கவைத்து அனுப்பியிருக்கிறேன், அண்ணா. பதினாலு பிள்ளைகளின் தப்பைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சைகலின் சிறுத்தை தூங்கவில்லை. டிசம்பரிலேயே படுத்திருக்க வேண்டும். குளிர்கால விடுமுறையில் படுத்தது, பள்ளி திறந்ததும் எழுந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் மேட்டில் நிற்கிறேன், பட்டியலில் அவள் பெயர் வருகிறது, அந்த வாரம் அவள் போட்ட கணக்குகள் வருகின்றன. எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு. ஏழெட்டு ஐம்பத்திநாலு. அவள் மண்ணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் படிக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. படித்தவள்தான், இருந்தாலும் பயந்தேன். போன சனிக்கிழமை, அந்தப் பக்கம் திரும்பி, "சைகல், நீயாடி?" என்று கேட்டேவிட்டேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகைப் பக்கம் போகாமல் பின்வரிசையில் நின்றேன். அய்சிரெக் தன் கவரிமாவுக்குத் தீனி போட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, சிறுத்தையைத் திறந்தாள். கையை எட்டிப் பிடித்தேன். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

"யாரு சொன்னா உனக்கு இதைத் தொடச் சொல்லி?"

"யாரும் சொல்லல டீச்சர். அது தூங்கிடும்ல."

"சரி, ஏழெட்டு எவ்வளவு? உனக்குத் தெரியும்ல, ஏன் தப்பா போடுற?"

"எனக்கு ஐம்பத்தாறு. சைகலுக்கு ஐம்பத்திநாலு. சரியா போட்டா நான் அவ இல்லன்னு சிறுத்தைக்குத் தெரிஞ்சிடும் டீச்சர்."

கையை விட்டுவிட்டேன். அண்ணா, நாமும் ஒரு கப்பலுக்கு அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்? அந்தக் குழந்தைக்காவது தப்பைக் கவனமாகச் செய்யத் தெரிந்திருக்கிறது.

டிசம்பர் பட்டியலில் என்ன இருந்தது என்று உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. அதைக் கேட்க வேண்டியவள் வேறொருத்தி.

கனிஷாய்


ஒகோட்ஸ்க் கடல், ஏப்ரல் 16

அக்காவுக்கு,

நீ நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அதனால் நானே எழுதுகிறேன்.

பல்லைப் பார்த்தேன். முதலில் நான் பார்க்கவில்லை, ரப்பியா அக்காதான் பார்த்தாள். சட்டென்று எழுந்து டிவியை அணைத்துவிட்டு, தேநீர் ஆறிவிட்டது என்று என்னமோ சொன்னாள். ஏன் அணைத்தாய் என்று மறுபடி போட்டேன். அப்போதுதான் விழுந்த பல் வாயில் இருப்பதைப் பார்த்தேன்.  அன்றிலிருந்து ஐம்பத்திநாலு என்று ஒருத்தியும் கத்துவதில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய். யாரும் சொல்லாதவரை எனக்குப் பிள்ளை இருந்தது. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பச் சொன்னேன். ஜூன் வரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை அக்கா. காதில் போடாத சாவுக்கு வாய்விட்டு அழ முடியவில்லை. மீன் வெட்டுகிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். நெஞ்சில் ஏதோ கல்லாகிக்கொண்டிருக்கிறது. காதில் போட அண்ணன் விமான நிலையத்துக்கு வருவார் என்று தெரியும், அதற்குள் நான் முழுக்கக் கல்லாகிவிடுவேன்.

நீ டீச்சர். பிள்ளைகளை நிற்கவைத்து வீடியோ எடுக்கிறவள்தானே, நீயே நின்று ஒன்று எடு. கடிதத்தில் வேண்டாம். முகத்தைக் காட்டு, குரலில் சொல். இங்கே கை பிடிக்க ஆள் இருக்கிறது. ரப்பியா அக்கா வலது பக்கம், கூட வேலை செய்யும் ஜிபார் இடது பக்கம், தண்ணீரும் வைத்துக்கொள்வார்கள். எல்லாம் பேசி வைத்திருக்கிறோம். நீ காதில் மட்டும் போடு.

புருலாய்


தாஷ்பெல், மே 12

தங்கை புருலாய்க்கு,

பென் டிரைவில் கோப்பு ஒன்றுதான் இருக்கிறது. தனியாக இருக்கும்போது திறக்காதே. கைகளைப் பிடித்த பிறகு திறக்கச் சொல்.

அண்ணன் வந்திருந்தார். ஏப்ரல் பனிச்சரிவில் மூடிய கணவாய் திறந்த அன்றே வந்துவிட்டார். மூத்தவர் அவர்தான் சொல்ல வேண்டும் என்று வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் உட்காரவைத்து எடுத்தேன். மூன்று முறை தொடங்கினார், உன் பெயரோடு நின்றுவிட்டார். நாலாவது முறை நான் சொன்னேன், அவர் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் அழுதார். அப்பாவின் பெயரையும் சொல்லி அழுதார். அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது தாளை மடித்து ஒட்டியிருக்கிறேன். வீடியோ பார்த்த பிறகு பிரி.

அக்கா கனிஷாய்

(ஒட்டிய தாள்)

புருலாய், இது வீடியோவில் இல்லை, அண்ணனுக்கும் தெரியாது. மூன்றாம் நாள் மதியம் டேப்லெட் கேட்டாள். வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது, ஆனாலும் எடுத்துவந்து கொடுத்தேன். முனகுவதை நிறுத்திவிட்டுத் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள், தேறிவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷமாக மாட்டைப் பார்க்கப் போனேன். வைக்கோல் போட்டேன், பால் கறந்தேன், வழியில் பக்கத்து வீட்டாரிடம் பிள்ளை எழுந்துவிட்டாள் என்றுகூடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மேட்டில் பட்டியல் வந்தது. அன்று மதியம் ஒரே கணக்கு, பதினோரு தடவை. பதினோரு தடவையும் ஐம்பத்திநாலு. அவள் விளையாடவில்லை, காய்ச்சலில் பிதற்றியிருக்கிறாள், விரலால். நர்ஸை அப்போதே கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒன்றும் ஆகியிருக்காது என்று நர்ஸ் சொல்கிறாள். நான் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன், அது மட்டும் எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். அய்சிரெக் இன்னும் சைகல் பெயரில் விளையாடுகிறாள், ஏழெட்டை வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாள், சிறுத்தைக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். பள்ளி ஆண்டு முடிகிறது. இல்லாத பிள்ளைகளின் பெயரை எடுக்கச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. என்னால் எடுக்க முடியவில்லை. என்ன செய்ய என்று நீ சொல்.


ஒகோட்ஸ்க் கடல், ஜூன் 9

அக்காவுக்கு,

காதில் விழுந்தது.

சாப்பாட்டு அறையில், பகலில். ரப்பியா அக்கா வலது கையை, ஜிபார் இடது கையை. நீ தொண்டையைச் செருமியதுமே எனக்குக் குரல் வந்துவிட்டது. ஆறு மாதத்து ஒப்பாரியையும் ஒன்றாக வைத்தேன். ஓஷ் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் ராகம் வேறு, பரவாயில்லை. மேஸ்திரி ஓடிவந்து எட்டிப் பார்த்தான். அவனே போய் மெஷினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வற்றும் வரை அழுதேன். நேற்று முதன்முதலாகப் பசித்தது.

ஒட்டிய தாளையும் படித்தேன். உன் மேல் கோபம் இல்லை என்று எழுதி, கிழித்துப் போட்டேன். நம் இருவருக்குள் இனிப் பழைய பல் வேண்டாம். கோபம் இருக்கிறது. உன் மேலா, கணவாய் மேலா, இந்தக் கடலுக்கு வந்த என் மேலா, எனக்கே தெரியவில்லை. வந்து உன் எதிரில் உட்கார்ந்து, உன் கையால் தேநீர் வாங்கிக் குடித்தால்தான் தெரியும். பயப்படாதே, வாங்கிக் குடிப்பேன்.

சிறுத்தையின் பெயரை நீ எடுக்காதே. பள்ளிக்கு என்ன பதில் சொல்வாயோ சொல்லிக்கொள், நான் வரும் இருபத்தெட்டாம் தேதி வரை பொறு. அதுவரை அய்சிரெக் தப்பாகவே போடட்டும். நான் வந்ததும் அவளைக் கூப்பிடு. மேட்டுக்கு மூன்று பேரும் போவோம். அவள் நடுவில் உட்காரட்டும், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கொஞ்சம் தண்ணீரும் எடுத்துக்கொள். அங்கே வைத்து ஒரே ஒரு தடவை, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அவளைப் போடச் சொல்லலாம்.

அந்தச் சிறுத்தைக்கும் யாராவது காதில் போட வேண்டும், இல்லையா அக்கா? அப்புறம் தூங்கட்டும்.

உன் பாதை வெளுப்பாக இருக்கட்டும். ஆடுமாடு நலமா?

தங்கை புருலாய்